சார்ட் அளவும் அச்சு லேபிள் ஃபான்ட்டும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அச்சு லேபிள் பொடியாகத் தெரிந்தால் கை நேரே ஃபான்ட் அளவுக்குத்தான் போகும். 12-ஐ 16 ஆக்குவோம், போதவில்லை என்றால் 20. லேப்டாப்பில் சரியாகிவிடும், மொபைலில் திறந்தால் லேபிள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பெரும்பாலும் கோளாறு ஃபான்ட்டில் இருப்பதில்லை. சார்ட் வரையப்பட்ட அளவு ஒன்று, திரையில் காட்டப்படும் அளவு வேறொன்று. இடையில் ஏதோ ஒன்று படத்தை இழுக்கிறது அல்லது சுருக்குகிறது, எழுத்தும் கூடவே போகிறது.

அதனால் எந்த அமைப்பைத் தொடுவதற்கு முன்பும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ட்டைத் தாங்கும் பெட்டியின் அகல உயரம். சார்ட் உள்ளே வரையப்பட்ட பிக்சல் அளவு. திரையில் கண்ணுக்குத் தெரியும் அளவு. பிரவுசரில் கேன்வாஸ் (சார்ட் வரையப்படும் பலகை) உறுப்பின் 'வித்', 'ஹைட்' பண்புகளைக் கன்சோலில் அச்சிட்டால் இரண்டாவது கிடைக்கும், 'கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட்' மூன்றாவதைத் தரும். சாதாரணத் திரையில் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். பிக்சல் விகிதம் 2 உள்ள திரையில், அதாவது ஒரு பிக்சல் இடத்தை ஒவ்வொரு திசையிலும் இரண்டு நுண்பிக்சல் நிரப்பும் திரையில், வரையப்பட்ட அளவு கண்ணுக்குத் தெரியும் அளவைப்போல் சரியாக இரண்டு மடங்காக இருக்கவேண்டும். வேறு எந்த விகிதம் வந்தாலும் நோய் அங்கேதான். கேன்வாஸ் 300-க்கு 150 என்று சொன்னால் யாரும் அதற்கு அளவே கொடுக்கவில்லை என்று பொருள், அது பிரவுசரின் இயல்பு அளவு.

கீழே வரும் கட்டளைப் பெயர்கள் எல்லாம் ஒலிபெயர்ப்பில் இருக்கின்றன. அவற்றின் சரியான எழுத்துக்கூட்டலை உங்கள் எடிட்டரின் பரிந்துரைப் பட்டியலே காட்டிவிடும்.

சார்ட் தெரியவே இல்லை, அல்லது பொட்டுபோல மூலையில் நிற்கிறது

முதலில் சந்தேகப்படவேண்டியது மறைந்திருக்கும் டேப். 'டிஸ்ப்ளே நன்' ஆக இருக்கும் பெட்டிக்கு அகலமும் உயரமும் 0. அந்த நேரத்தில் சார்ட்டை உருவாக்கினால் அது 0-க்கு 0 என்றே வரையப்படும். ஈசார்ட்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சார்ட் நூலகம் என்றால் அகல உயரம் கிடைக்கவில்லை என்று கன்சோலில் எச்சரிக்கையும் வரும். டேப் திறந்த பிறகு சார்ட்டை உருவாக்குங்கள். முன்பே உருவாக்கியாகிவிட்டது என்றால் டேப் தெரியவந்ததும் 'ரீசைஸ்' அழையுங்கள். ஈசார்ட்ஸ் விண்டோ அளவு மாறினாலும் தானாக மாறாது, அந்த அழைப்பையும் நீங்களேதான் எழுதவேண்டும். 'ரீசைஸ் அப்சர்வர்' வைத்துப் பெட்டியைக் கவனித்தால் டேப், பக்கப்பட்டை, விண்டோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் தீர்வு கிடைக்கும்.

இரண்டாவது, சதவீத உயரம். பெட்டிக்கு 100 சதவீதம் உயரம் கொடுத்திருப்பீர்கள், அதன் தாய்ப் பெட்டிக்கு உயரமே இருக்காது. இல்லாத ஒன்றில் 100 சதவீதம் எவ்வளவு? மேலே ஏதாவது ஒரு மட்டத்தில் பிக்சலிலோ திரை உயரத்தின் பங்காகவோ திட்டமான உயரம் இருந்தாகவேண்டும்.

ஆண்ட்ராய்டில் எம்பிஆண்ட்ராய்டுசார்ட் நூலகத்தைப் பயன்படுத்தும்போது உயரத்தை 'ராப் கன்டென்ட்' என்று விட்டால் இதே கதை: சார்ட்டுக்கு உள்ளடக்கத்தின் உயரம் என்று ஒன்று கிடையாது. 250 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத ஆண்ட்ராய்டு அளவு அலகு) போல ஓர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

சார்ட் கீழே வளர்ந்துகொண்டே போகிறது. அல்லது பெரிதாகிறது, சுருங்க மறுக்கிறது

சார்ட் டாட் ஜேஎஸ் என்ற பிரவுசர் சார்ட் நூலகம் தன் அளவைத் தாய்ப் பெட்டியிடம் கேட்கும். அந்தப் பெட்டிக்குத் தனி உயரம் இல்லையென்றால் அது உள்ளே இருக்கும் கேன்வாஸின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். கேன்வாஸ் பெட்டியைப் பார்க்க, பெட்டி கேன்வாஸைப் பார்க்க, ஒவ்வொரு சுற்றிலும் சில பிக்சல் கூடும். 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ'வை ஃபால்ஸ் ஆக்கிய கையோடு பெட்டிக்கு உயரம் கொடுக்க மறந்தவர்களுக்கு இது தவறாமல் வரும்.

கேன்வாஸை மட்டும் வைத்திருக்கும் தனி 'டிவ்' ஒன்று போடுங்கள். தலைப்பு, பட்டன், லெஜண்ட் எதையும் அதற்குள் வைக்கவேண்டாம். அதன் 'பொசிஷன்' ரிலேட்டிவ், உயரம் 320 பிக்சல் என்று வையுங்கள். அளவைக் கேன்வாஸ் மீது போடாமல் இந்தப் பெட்டிமீதே போடவேண்டும்.

விண்டோவைப் பெரிதாக்கினால் சார்ட் பெரிதாகிறது, திரும்பச் சிறிதாக்கினால் அப்படியே நின்று பக்கத்துக்கு ஸ்க்ரோல் வரவைக்கிறது என்றால், பெட்டி ஒரு ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட் அமைப்புக்குள் இருக்கிறதா பாருங்கள். ஃப்ளெக்ஸ் பிள்ளையின் குறைந்தபட்ச அகலம் இயல்பாக 'ஆட்டோ'. உள்ளே இருக்கும் கேன்வாஸைவிடச் சிறிதாக அது ஒத்துக்கொள்ளாது. அந்தப் பிள்ளைக்கு 'மின் வித்' 0 என்று ஒரே ஒரு வரி. எத்தனை மணி நேரத்தை இந்த ஒரு வரி விழுங்கியிருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

எழுத்து மங்கல், அல்லது ஒரு பக்கமாக இழுத்ததுபோல் இருக்கிறது

இரண்டும் வேறு வேறு. இழுபட்டிருந்தால் கேன்வாஸ் மீது சிஎஸ்எஸ் அகலம் போடப்பட்டிருக்கிறது. 300 பிக்சலில் வரைந்த படம் 900 பிக்சலுக்கு நீட்டப்படுகிறது, உயரம் அதே விகிதத்தில் நீளவில்லை. அந்த சிஎஸ்எஸ் வரியை நீக்கிவிட்டு மேலே சொன்ன பெட்டி முறைக்கு வாருங்கள்.

ஜாவாவில் ஜேஃப்ரீசார்ட் நூலகம் உபயோகிப்பவர்களுக்கு இதன் வேறொரு வடிவம் காத்திருக்கிறது. சார்ட் பேனல் 1024-க்கு 768 வரைதான் உண்மையில் வரையும். விண்டோ அதைவிடப் பெரிதானால் வரைந்த படத்தை நீட்டிக்காட்டும். கீழ்ப்பக்கமும் 300-க்கு 200 என்று ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே போனால் நசுக்கிக்காட்டும். சிறிய மானிட்டரில் சோதித்தவரைக்கும் யாருக்கும் தெரியாது, பெரிய மானிட்டரில் அச்சு எழுத்து மட்டும் அகலமாகிவிட்டது என்று புகார் வரும். 'செட் மேக்சிமம் டிரா வித்', 'செட் மேக்சிமம் டிரா ஹைட்' இரண்டுக்கும் 4000 போல ஒரு பெரிய எண் கொடுங்கள். குறைந்தபட்ச ஜோடிக்கும் 0 கொடுங்கள்.

மங்கலாக மட்டும் இருந்தால் பிக்சல் விகிதம். நீங்களே கேன்வாஸில் வரைகிறீர்கள் என்றால் கேன்வாஸின் பிக்சல் அளவைத் திரை அளவின் 'டிவைஸ் பிக்சல் ரேஷியோ' மடங்காக வைத்து, வரைவதற்கு முன் அதே எண்ணால் 'ஸ்கேல்' செய்யுங்கள். டாட்நெட்டில் எழுதும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் செயலிகளில் 150 சதவீதம் ஸ்கேலிங் உள்ள கணினியில் முழுச் செயலியும் மங்கினால் சார்ட்டைக் குறை சொல்லவேண்டாம்: செயலி டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது) அறிந்ததாக அறிவிக்கப்படவில்லை, விண்டோஸ் அதைப் படமாக எடுத்து நீட்டுகிறது. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7 முதல் செயலியின் கான்ஃபிக் கோப்பிலேயே 'பெர் மானிட்டர் வி2' என்று அறிவிக்கலாம்.

கோடுகளைக் கணக்காக வைத்து வரையும் எஸ்விஜி படம் மங்காது, ஆனால் வேறு விதத்தில் ஏமாற்றும். 'வியூபாக்ஸ்' (படத்தின் உள் அளவுச் சட்டகம்) அகலம் 800, லேபிள் ஃபான்ட் 12 என்று வைத்துக்கொள்வோம். 360 பிக்சல் அகல மொபைலில் அந்த எழுத்து 12 × 360 ÷ 800 = 5.4 பிக்சல். 1600 பிக்சல் பெட்டியில் 24. ஃபான்ட் அளவு நிரலில் மாறவே இல்லை, கண்ணில்தான் நாலு மடங்கு வித்தியாசம். எழுத்து எங்கும் 12 பிக்சலாகவே இருக்கவேண்டும் என்றால் வியூபாக்ஸை நம்பாமல், பெட்டியின் அகலத்தை அளந்து அந்த அளவுக்கே மறுபடி வரையுங்கள்.

ஃபான்ட் அளவை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை

சோதிக்க 40 என்று போடுங்கள். 40-க்கும் அசையவில்லை என்றால் நீங்கள் எழுதிய இடம் தவறு. சார்ட் டாட் ஜேஎஸ்ஸில் இது பெரும்பாலும் பதிப்பு மாற்றம்: 2-ஆம் பதிப்பில் 'எக்ஸ் ஆக்ஸிஸ்' என்ற அரேக்குள் 'டிக்ஸ்', அதற்குள் 'ஃபான்ட் சைஸ்'. 2021-இல் வந்த 3-ஆம் பதிப்பில் இருந்து 'ஸ்கேல்ஸ்', 'எக்ஸ்', 'டிக்ஸ்', 'ஃபான்ட்', 'சைஸ்' என்று ஒவ்வொரு படியாக இறங்கவேண்டும். பழைய பெயரை எழுதினால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் புறக்கணிக்கும். அச்சின் தலைப்பும் 'ஸ்கேல் லேபிள்' என்பதில் இருந்து 'டைட்டில்' ஆகிவிட்டது. அதன் 'டிஸ்ப்ளே' ட்ரூ ஆக இருந்தால்தான் தெரியும்.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் சார்ட்டில் நீங்கள் கொடுத்த 14 புள்ளி (பாயிண்ட்) ஃபான்ட் ஏற்கப்பட்டும் காணாமல் போகும். அச்சின் 'இஸ் லேபிள் ஆட்டோஃபிட்' இயல்பாக ட்ரூ. அது இருக்கும்வரை லேபிளின் அளவை சார்ட்டே 6-க்கும் 10-க்கும் இடையில் தேர்ந்துகொள்ளும், 'லேபிள் ஸ்டைல்' ஃபான்ட்டின் அளவை மதிக்காது. அதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு அதன்பின் ஃபான்ட்டைக் கொடுங்கள். ஆட்டோஃபிட் வேண்டும், ஆனால் பொடியாகக் கூடாது என்றால் 'லேபிள் ஆட்டோஃபிட் மின் ஃபான்ட் சைஸ்'-ஐ 9 ஆகவும், மேக்ஸ் அளவை 14 ஆகவும் வையுங்கள்.

எம்பிஆண்ட்ராய்டுசார்ட்டில் 'செட் டெக்ஸ்ட் சைஸ்' 6-க்குக் கீழும் 24-க்கு மேலும் போகாது. 40 என்று சோதித்தால் 24-லேயே நின்றுவிடும். அந்த எண் டிபி அலகில் என்பதையும் கவனியுங்கள்: பயனர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தாலும் சார்ட் லேபிள் பெரிதாகாது. அந்த விகிதத்தை நீங்களே பெருக்கிக் கொடுத்தால்தான் உண்டு. மாற்றியபின் 'இன்வேலிடேட்' அழைக்கவும்.

பைதானின் சார்ட் நூலகமான மேட்பிளாட்லிபில் 'ஆர்சி பாராம்ஸ்' (இயல்பு அமைப்புகள்) மாற்றத்தை ஃபிகர் (முழுப் படம்) உருவாக்கிய பிறகு எழுதினால் அந்த ஃபிகருக்குப் போய்ச் சேராது. வரிசையை மாற்றுங்கள், அல்லது 'டிக் பாராம்ஸ்'-இல் 'லேபிள் சைஸ்' கொடுங்கள்.

எழுத்து 10 பிக்சல் சாதாரண ஃபான்ட்டிலேயே உறைந்து நிற்கிறதா? அது கேன்வாஸின் இயல்பு மதிப்பு. ஃபான்ட் வரி தவறாக இருந்தால் கேன்வாஸ் பிழை சொல்லாது, பழைய மதிப்பிலேயே இருந்துவிடும். சிஎஸ்எஸ் மாறியின் பெயரை அப்படியே ஃபான்ட் குடும்பமாகக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. கேன்வாஸுக்கு அது புரியாது. 'கெட் கம்ப்யூட்டட் ஸ்டைல்' மூலம் உண்மைப் பெயரை எடுத்துக் கொடுங்கள்.

சேமித்த படத்திலோ அறிக்கையிலோ எழுத்து பொடியாகிவிடுகிறது

மேட்பிளாட்லிபின் இயல்பு ஃபிகர் 6.4-க்கு 4.8 அங்குலம், டிபிஐ 100. அதாவது 640-க்கு 480 பிக்சல். எழுத்து 10 புள்ளி. ஒரு புள்ளி அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, ஆக 100 டிபிஐ-யில் 10 புள்ளி என்பது ஏறக்குறைய 13.9 பிக்சல்.

பெரிதாகத் தெரியட்டும் என்று ஃபிகரை 12-க்கு 8 அங்குலம் ஆக்குகிறீர்கள். அதை 6 அங்குல அகலமுள்ள பக்கத்தில் ஒட்டினால் பாதியாகச் சுருங்கும், எழுத்து 5 புள்ளி. உடனே டிபிஐ-யை 300 ஆக்கிப் பார்ப்போம். படம் 3600-க்கு 2400 பிக்சல் ஆகும், எழுத்தும் 41.7 பிக்சல் ஆகும், இரண்டும் மூன்று மடங்கு. விகிதம் மாறவில்லை, 6 அங்குலத்தில் ஒட்டினால் அதே 5 புள்ளிதான், கோப்பு மட்டும் கனத்துவிட்டது. டிபிஐ கூர்மையைத்தான் தரும், அளவைத் தராது.

படம் கடைசியில் எத்தனை அங்குலத்தில் நிற்கப்போகிறதோ அதே அங்குலத்தில் ஃபிகரை உருவாக்குங்கள். 3.5 அங்குலப் பத்திக்கு என்றால் 3.5-க்கு 2.6, ஃபான்ட் 8 புள்ளி, டிபிஐ 300. திரையில் பார்க்கச் சின்னதாக இருக்கும், தாளில் 8 புள்ளி 8 புள்ளியாகவே விழும். இவ்வளவு செய்தும் அளவு பிசகினால் சேமிக்கும்போது 'பிபாக்ஸ் இன்சஸ் டைட்' இருக்கிறதா பாருங்கள். அது ஓரத்தை வெட்டியோ சேர்த்தோ 3.5-ஐ 3.3 ஆக்கிவிடும், பக்கத்தில் பொருத்தும்போது மறுபடி நீளும்.

பிரவுசர் கேன்வாஸைப் படமாகச் சேமித்தால் கிடைக்கும் பிக்சல் எண்ணிக்கை சேமித்தவரின் திரையைப் பொறுத்தது. ஒரே பட்டன், ஒருவருக்கு 800 பிக்சல், இன்னொருவருக்கு 1600. எல்லோருக்கும் ஒன்றாக வேண்டும் என்றால் சார்ட் டாட் ஜேஎஸ்ஸில் 'டிவைஸ் பிக்சல் ரேஷியோ'வை 2 என்று பூட்டி, பெட்டிக்குத் திட்டமான அளவு கொடுத்துச் சேமியுங்கள். விண்டோஸ் ஃபார்ம்ஸின் 'சேவ் இமேஜ்' சார்ட் அந்த நேரத்தில் என்ன அளவில் இருக்கிறதோ அதையே எழுதும். சேமிக்கும் முன் அகல உயரத்தை மாற்றி, பின் பழையதை வையுங்கள்.

லேபிளின் வால் வெட்டுப்படுகிறது

சாய்த்த லேபிளின் கீழ்ப்பகுதி படத்துக்கு வெளியே போகிறது என்றால் மேட்பிளாட்லிபில் ஃபிகரை உருவாக்கும்போதே 'லேஅவுட்' என்பதற்கு 'கன்ஸ்ட்ரெயின்ட்' கொடுங்கள். அதோடு 'டைட் லேஅவுட்' சேர்த்து அழைக்கவேண்டாம். 45 டிகிரி சாய்த்தால் 'ஹெச்ஏ' (கிடைமட்ட ஒட்டல்) வலப்பக்கம் என்றும் கொடுங்கள், இல்லையென்றால் லேபிளின் நடு அச்சின் டிக் குறிக்கு நேராக நின்று எந்தப் புள்ளியைச் சொல்கிறது என்றே தெரியாது. எம்பிஆண்ட்ராய்டுசார்ட்டில் 'செட் எக்ஸ்ட்ரா பாட்டம் ஆஃப்செட்', முதல் கடைசி லேபிள்களுக்கு 'செட் அவாய்ட் ஃபர்ஸ்ட் லாஸ்ட் கிளிப்பிங்'. ஈசார்ட்ஸில் 'கிரிட்', 'கன்டெய்ன் லேபிள்' ட்ரூ.

ஜேஃப்ரீசார்ட்டில் லேபிள் மூன்று புள்ளியோடு முடிந்தால் அது வெட்டு இல்லை, இடமில்லாமல் சுருக்கியது. 'கேட்டகரி லேபிள் பொசிஷன்ஸ்'-ஐ 'அப் 45' ஆக்குங்கள், அல்லது 'செட் மேக்சிமம் கேட்டகரி லேபிள் லைன்ஸ்' 2 கொடுத்து இரண்டு வரியாக மடியுங்கள்.

சில லேபிள்கள் காணோம்

தரவு போகவில்லை, இடம் போதவில்லை என்று நூலகம் விட்டுவிட்டது. சார்ட் டாட் ஜேஎஸ் முதலில் 50 டிகிரி வரை சாய்த்துப் பார்க்கும், அதற்கும் அடங்காவிட்டால் 'ஆட்டோ ஸ்கிப்' இடையில் உள்ளவற்றைத் தாண்டும். எல்லாம் வேண்டும் என்றால் அதை ஃபால்ஸ் ஆக்கலாம். ஈசார்ட்ஸில் 'இன்டர்வெல்' 0, விண்டோஸ் ஃபார்ம்ஸில் 'இன்டர்வெல்' 1. ஆனால் 60 லேபிளை 400 பிக்சலில் திணித்தால் ஒன்றுக்கு 7 பிக்சல்கூட இல்லை, எந்த ஃபான்ட்டும் காப்பாற்றாது. பட்டைகளைக் கிடைமட்டமாகத் திருப்பிவிடுங்கள், ஒரு பட்டைக்கு 24 பிக்சல் என்று உயரத்தைக் கணக்கிட்டு ஸ்க்ரோல் கொடுங்கள். சார்ட் டாட் ஜேஎஸ்ஸில் லேபிளை ஒரே சரமாகக் கொடுக்காமல் சொற்களின் அரேயாகக் கொடுத்தால் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும்.

தமிழ் லேபிள் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது கொம்பு இடம் மாறுகிறது

கட்டம் என்றால் ஃபான்ட்டில் அந்த எழுத்தே இல்லை. மேட்பிளாட்லிபின் இயல்பு ஃபான்ட்டான டெஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. 2965 என்ற எண்ணுள்ள வடிவம் இல்லை என்று எச்சரிக்கை வந்தால் அது 'க'. நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை 'ஃபான்ட் மேனேஜர்' வழியாக 'ஆட் ஃபான்ட்' செய்து, 'ஃபான்ட் ஃபேமிலி'யில் பெயரைக் கொடுங்கள். கணினியில் நிறுவியும் கிடைக்கவில்லை என்றால் பழைய ஃபான்ட் பட்டியலை அது நினைவில் வைத்திருக்கிறது. கேஷ் கோப்புறையில் உள்ள ஃபான்ட் லிஸ்ட் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சொந்தக் கணினியில் சரியாக வந்து சர்வரில் மட்டும் கட்டம் வந்தால் அந்த சர்வரில் ஓடும் கன்டெய்னர் இமேஜில் தமிழ் ஃபான்ட் எதுவும் இல்லை.

கட்டம் போய் எழுத்து வந்ததும் அடுத்த தொல்லை. 'செப்டம்பர்' என்பதில் சேமிப்பு வரிசைப்படி முதலில் ச, அடுத்து கொம்பு. அதைத் திரையில் ச-வுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது ஷேப்பிங் என்ற தனி வேலை. அது நடக்காவிட்டால் கொம்பு ச-வைத் தாண்டி 'ப்' முன்னால் போய் நிற்கும். ஃபான்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, கோளாறு வரையும் இயந்திரத்தில். மேட்பிளாட்லிபில் நேர்வழி 'எம்பிஎல் கைரோ' பேக்எண்ட். வலைப்பக்கத்துக்கு என்றால் இன்னும் எளிது: 'எஸ்விஜி ஃபான்ட் டைப்'-ஐ 'நன்' ஆக்கி எஸ்விஜியாகச் சேமியுங்கள். எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும், பிரவுசர் தன் ஷேப்பிங்கில் கொம்பைச் சரியான இடத்தில் வைக்கும். பார்ப்பவர் கணினியில் தமிழ் ஃபான்ட் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

புள்ளியோ காலோ மட்டும் காணாமல் போனால் லேபிளைச் சுருக்கும் உங்கள் நிரலைப் பாருங்கள். 'செப்டம்பர்' கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறிகள். முதல் 6 குறிகளை வெட்டினால் 'செப்டம' என்று நிற்கும், புள்ளி போய்விட்டது. மூன்றெழுத்துச் சுருக்கம் ஆங்கில மாதங்களுக்கு வேலை செய்யும். 'ஜூலை' அதே நிரலில் 'ஜூல' ஆகும். 'இன்டில் செக்மென்டர்' கொண்டு முழு எழுத்துகளாகப் பிரித்து வெட்டுங்கள். அல்லது சுருக்கங்களைக் கையாலேயே ஒரு பட்டியலாக எழுதிவிடுங்கள், பன்னிரண்டு மாதத்துக்கு அது அப்படியொன்றும் வேலை இல்லை.

லேபிள் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் தரவு பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கிறது. சார்ட்டுக்கு அனுப்பும் முன் யூனிகோடுக்கு மாற்றவேண்டும்.

முதல் முறை திறந்தால் வேறு ஃபான்ட், ரீலோட் செய்தால் சரி

வெப்ஃபான்ட் இறங்குவதற்குள் சார்ட் வரையப்பட்டுவிட்டது. பக்கத்தில் வேறெங்கும் அந்த ஃபான்ட் பயன்படவில்லை என்றால் பிரவுசர் அதை முன்கூட்டி இறக்கவே இறக்காது, சிஎஸ்எஸ்ஸில் அறிவித்திருந்தாலும். 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் லோட்' அழைத்து, அது முடிந்தபின் சார்ட்டை உருவாக்குங்கள். ஒரு நுணுக்கம்: ஃபான்ட் மொழிவாரியாகத் துண்டு போடப்பட்டிருந்தால் அந்த அழைப்பின் இரண்டாவது இடத்தில் 'அ' போல ஒரு தமிழ் எழுத்தைக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வெறும் இடைவெளிக்குத் தேவையான துண்டைத்தான் தேடும், தமிழ்த் துண்டு வராது. முதலில் வரைந்துவிட்டுப் பிறகு 'அப்டேட்' அழைப்பது அரைகுறைத் தீர்வு. முன்பு அளந்த லேபிள் அகலத்தை நூலகம் நினைவில் வைத்திருந்தால் எழுத்து மாறும், இடைவெளி பழையதாகவே நிற்கும்.

தாளில் அச்சிட்டால் சார்ட் பக்கத்தைத் தாண்டுகிறது

அச்சிடும்போது பெட்டி அகலம் மாறும், கேன்வாஸுக்கு அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேராது. 'பிஃபோர் பிரின்ட்' நிகழ்வில் ஒவ்வொரு சார்ட்டுக்கும் 'ரீசைஸ்'-ஐ 600, 400 போலத் திட்டமான எண்களோடு அழையுங்கள். 'ஆஃப்டர் பிரின்ட்'டில் எண் இல்லாமல் ஒருமுறை அழைத்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.